இருவருக்கும் சேர்த்து இரண்டு கண், இரண்டு கால்

மதுரைப் பொற்றாமரைக் குளத்தில் ஒருவர் துணி துவைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்குக் கண் தெரியாது. படியில் இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குக் கால் வராது. துவைக்கிறவர் கையிலிருந்து துணி நழுவித் தண்ணீரோடு போய்விடுகிறது. மாற்றுத் துணி கிடையாது. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு சண்டை மூண்டிருக்கும். இவர்கள் இருவரும் பாட்டுக் கட்டுகிறார்கள்.

துணியை அடித்துத் துவைப்பதற்குத் ‘தப்புதல்’ என்று பெயர். கைக்குச் சிக்காமல் ஓடுவதற்கும் அதே சொல்தான். இவ்வளவு நேரம் நாம் துணிக்குச் செய்ததைத் துணி இப்போது நமக்குச் செய்துவிட்டது என்று ஒருவர் எடுத்துக்கொடுக்கிறார். போனதோ கந்தல், அதிலும் ஆயிரம் கண், தொலைந்தது சனியன் என்று மற்றவர் முடிக்கிறார். கண் என்றால் இங்கே பொத்தல். இரண்டு கண்ணும் இல்லாதவர் உடுத்தியிருந்த துணிக்கு ஆயிரம் கண்! துணிக்குக் ‘கலிங்கம்’ என்று ஒரு பழைய பெயர் உண்டு. அதை மதுரைக் கோயில் சாமி சொக்கலிங்கத்தின் பெயரோடு உரசிப் பார்த்து, போனதற்கு ஈடு கோயிலுக்குள்ளேயே இருக்கிறது என்று கணக்கையும் நேர் செய்துவிட்டார்கள்.

இப்படித்தான் இரட்டைப் புலவர்களைத் தமிழ்நாடு நினைவு வைத்திருக்கிறது. ஒருவர் முதுசூரியர், மற்றவர் இளஞ்சூரியர். சோழநாட்டு ஆலந்துறை அவர்கள் ஊர் என்பது வழக்கு. அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை உறவு. நடக்க முடியாதவரைப் பார்க்க முடியாதவர் தோளில் ஏற்றிக்கொள்வார். மேலே இருப்பவர் வழி சொல்ல, கீழே இருப்பவர் நடப்பார். இப்படியே ஊர் ஊராகப் போய், கோயில் வாசல்களிலும் வள்ளல்கள் வீட்டிலும் பாடிப் பிழைத்தார்கள். தில்லைக் கலம்பகம், திருவாமாத்தூர்க் கலம்பகம், ஏகாம்பரநாதர் உலா என்று நூல்களும் செய்தார்கள். கலம்பகம் என்றால் இவர்கள்தான் என்று பின்னால் வந்த புலவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

கண்ணமங்கலத்துக்காரர்களுக்கு இவர்கள் அயலார் இல்லை. வேலூரிலிருந்து ஆரணிக்கும் திருவண்ணாமலைக்கும் போகிற வழியில், ஜவ்வாது மலைக்குப் பக்கத்தில் இருக்கிறது கண்ணமங்கலம். ஆடி வெள்ளிகளில் படவேட்டு ரேணுகாம்பாளைப் பார்க்கப் போகிற கூட்டம் இங்கே இறங்கி வண்டி மாறும். மலையடிவாரம் நோக்கிப் போனால் படவேடு. இன்றைக்கு வாழைத்தோப்பும் கோயில்களுமாக இருக்கிற அந்த ஊர் 14ஆம் நூற்றாண்டில் படைவீடு, சம்புவராயர்களின் தலைநகர். விஜயநகரத்து இளவரசன் குமார கம்பணன் படையோடு வந்து அந்த ஆட்சியை அடக்கினான். அவன் மனைவி கங்காதேவி வடமொழியில் எழுதிய மதுரா விஜயத்தில் அந்தப் போர் வருகிறது. அதே சம்புவராய மரபைச் சேர்ந்த மல்லிநாதனைத்தான் இரட்டையர் ஏகாம்பரநாதர் உலாவில் போற்றியிருக்கிறார்கள். புலவர்கள் எந்தக் காலத்தவர் என்று கணக்குப் போட ஆராய்ச்சியாளர்களுக்குக் கிடைத்த நல்ல பிடி இந்தப் பெயர். கோட்டை கொத்தளத்தோடு ஆண்ட அரசனுக்கு, தோள்மேல் ஏறி வந்த ஒருவரும் அவரைத் தூக்கி வந்த ஒருவரும் சாட்சி சொல்கிறார்கள்.

ஆளைத் தோளில் வைத்து நடப்பது கதையில் கேட்க எளிது. திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தோளில் ஏற்றியவர்களுக்குத் தெரியும், கால் மணி நேரத்தில் கழுத்து என்ன பாடுபடும் என்று. இங்கே இருப்பது வளர்ந்த ஆள். கீழே இருப்பவர் ஒவ்வோர் அடியையும் பாதத்தால் தடவிப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். மேலே இருப்பவர் பள்ளத்தைப் பள்ளம் வந்த பிறகு சொல்லிப் பயனில்லை, மூன்று எட்டு முன்னாலேயே சொல்லியாக வேண்டும். தாழ்ந்த கிளை வந்தால் தன் தலையைக் குனிந்துகொள்ள வேண்டியவரும் அவரே. கோபித்துக்கொண்டு ஒருவர் பேசாமல் இருந்துவிட்டால் இரண்டு பேரும் குழியில் விழுவார்கள். பாட்டிலும் அதே ஏற்பாடுதான். வெண்பாவின் முன்பாதியை ஒருவர் எடுப்பார், பின்பாதியை மற்றவர் முடிப்பார். முன்பாதி எந்தப் பக்கம் திரும்பினாலும் பின்பாதி பிடித்துக்கொள்ளும். பழகிய தோள் அல்லவா.

ஆங்கூர் சிவன் கோயிலுக்கு ஒரு நாள் பசியோடு போய்ச் சேர்ந்தார்கள். சோறு கிடைக்கவில்லை. நாங்கள் பட்டினி கிடப்பது நியாயமா என்று ஒருவர் சாமியிடம் கேட்டார். சாமி பதில் சொல்வதுபோல மற்றவர் முடித்தார்: போய்யா, இங்கே சங்குச் சத்தமும் முரசுச் சத்தமும் உண்டு, சோற்றைக் கண்ணால் கண்டவன் எவன் இருக்கிறான்? கோயில் நிர்வாகத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் தணிக்கை செய்ததில்லை.

மக்கள் வாயில் நிற்கிற இந்தத் தனிப்பாடல்களில் ஒன்றைக் கவனிக்கலாம். இரட்டையர் கேட்பது சோறு, துணி, கொடுக்கிற மனசுள்ள வள்ளல். குறை சொல்வதும் அவற்றைப் பற்றித்தான். கண்ணைக் கொடு, காலைக் கொடு என்ற அழுகை அந்தச் சிரிப்பின் பக்கத்தில்கூட வருவதில்லை. உழைத்துப் பாடினோம், கூலி எங்கே என்று கேட்கிற குரல் அது.

ஊர் எல்லா நேரமும் அந்தக் குரலுக்குக் காது கொடுத்தது என்று சொல்ல முடியாது. இரட்டையருக்குச் சில நூற்றாண்டுகள் கழித்து நொண்டி நாடகம் என்று ஒரு கூத்து வகையே கிளம்பியது. கதை ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒன்றுதான். தாசி வீட்டில் பொருளை எல்லாம் தொலைத்தவன் திருடனாகிறான். குதிரை திருடப் போய்ப் பிடிபடுகிறான். காலை வெட்டிவிடுகிறார்கள். பிறகு தெய்வத்தை வேண்டிக்கொண்டு இழந்ததைத் திரும்பப் பெறுகிறான். திருச்செந்தூருக்கு ஒரு நொண்டி நாடகம் உண்டு, கீழக்கரை வள்ளல் சீதக்காதி பேரிலும் ஒன்று உண்டு. ஒற்றைக் காலில் துள்ளித் துள்ளி ஆடியதைப் பார்த்து ஊர் விழுந்து விழுந்து சிரித்திருக்கும். ஆனால் அந்தக் கதை ஊருக்குள் விட்டுவிட்டுப் போன எண்ணம் ஒன்று உண்டு: கால் இல்லையென்றால் ஏதோ பாவம் செய்திருக்கிறான். ‘நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு’ என்று இன்றும் சிரித்துக்கொண்டே சொல்கிறோமே, அதுவும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

பாவக் கதைக்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொருவர் நிற்கிறார். செங்கல்பட்டுப் பக்கத்துப் பொன்விளைந்த களத்தூர் அந்தகக்கவி வீரராகவ முதலியார், 17ஆம் நூற்றாண்டுக்காரர். பிறவியிலேயே பார்வை இல்லை. எழுத்தைக் கற்பதற்கு முதுகைக் கொடுத்தார் என்பார்கள்: பிறர் விரலால் முதுகில் எழுத, அந்தத் தடத்தை வைத்தே எழுத்தைப் பிடித்துக்கொண்டாராம். பிறகு திருவாரூர் உலா, சேயூர் முருகன் பிள்ளைத்தமிழ் என்று பாடிக் குவித்தார்.

வழிநடையில் ஒரு நாள் இவருடைய கட்டுச்சோற்று மூட்டையை நாய் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. புலவர் கணக்கில் அது தேவர்களுக்குள் நடந்த வாகனத் தகராறு. வயிரவருடைய வாகனம் வந்து பிரமனுடைய வாகனத்தைத் தூக்கிக்கொண்டு திருமாலின் வாகனமாகப் பறந்துவிட்டது. அதாவது நாய் அன்னத்தைக் கவ்விக் கருடன் வேகத்தில் மறைந்தது. கடைசியில் ஆட்டை வாகனமாக உடைய அக்கினி வயிற்றைப் பிடித்துக்கொண்டான். பசியில் இருக்கிறவருக்கு இவ்வளவு பொறுமை எப்படி வந்தது என்று தெரியவில்லை.

வள்ளல் ஒருவரிடம் போய்ப் பாடிய கதை இன்னும் நன்றாக இருக்கும். பரிசாக யானை கிடைத்தது. வீட்டுக்கு வந்தார். என்ன கொண்டுவந்தீர் என்று மனைவி கேட்டார். யானை என்று நேராகச் சொல்லியிருக்கலாம். இவர் களபம் என்றார். களபம் என்றால் யானை, சந்தனக் குழம்புமாகும். அந்த அம்மா பூசிக்கொள்ளச் சொன்னார். மாதங்கம் என்றார், நிறையத் தங்கம் என்று அவர் மகிழ்ந்தார். வேழம் என்றார், கரும்பு என்று நினைத்துத் தின்னச் சொன்னார். பகடு என்றார்; ஏர் உழ மாடு ஆயிற்று என்றார். கம்பமா என்றார், கம்பு மாவு, களி கிண்டலாம் என்றார். கடைசியில் கைம்மா என்றதும்தான் விஷயம் விளங்கி அம்மா தளர்ந்து உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கை அளவு நிலமில்லாத வீட்டில் யானைக்குத் தீனி போடுவது யார்? வறுமையை இப்படி மேடை ஏற்றிச் சிரிக்க வைத்தவருக்குப் பார்வை இல்லை என்பது கேட்கிறவனுக்கு நினைவிலேயே இருக்காது. பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலர், அம்மையில் குழந்தையாக இருந்தபோதே பார்வையை இழந்து, 19ஆம் நூற்றாண்டில் சேதுபதி அவையில் புலவராக இருந்தவர், இதே வரிசையில் வருவார்.

புலவர்களை விட்டுவிட்டு ஊருக்கு வரலாம். வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் ஐம்பது வயதைத் தாண்டிய எவரைக் கேட்டாலும் இப்படி ஒருவரை நினைவுகூர்வார். சைக்கிள் கடை வைத்திருந்தவர், தையல் மிஷின் போட்டிருந்தவர், பள்ளிக்கூட வாசலில் மிட்டாய் விற்றவர். நடக்கும்போது ஒரு கையால் தொடையை அழுத்திக்கொண்டு நடப்பார். எந்த வேட்டி கட்டினாலும், எந்தக் கால்சட்டை போட்டாலும் அந்த ஓர் இடம் மட்டும் கைபட்டுக் கைபட்டு வெளுத்துப் போயிருக்கும். போலியோ விட்டுப்போன அடையாளம் அது. அந்தக் கிருமி தசைக்குக் கட்டளை அனுப்புகிற தண்டுவட நரம்பணுக்களைத்தான் தாக்கும், தொடுவுணர்ச்சியைத் தொடாது. முட்டியை நிமிர்த்திப் பிடிக்கிற தொடைத் தசை செத்துவிட்டால், உடம்பின் எடை விழும்போது முட்டி மடங்கிவிடும். அதனால்தான் ஒவ்வோர் எட்டிலும் கையால் ஒரு முட்டு. முன்னே பின்னே சாய்ந்து அந்த நடை போவதைச் சின்னப் பையன்கள் பின்னாலிருந்து நடித்துக் காட்டுவார்கள். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார். அவர் நல்லவர், எப்போதும் சிரித்த முகம் என்று ஊர் இன்று சொல்வதில் பாதி, அன்று நடித்துக் காட்டிய பையன்கள் சொல்வது.

அந்தச் சிரிப்பு எதன்மேல் நின்றது என்று பார்த்தால் பெரும்பாலும் ஒரு தொழில் இருக்கும். 1980களின் கடைசியிலிருந்து ஊர் ஊருக்கு மஞ்சள் பலகையோடு எஸ்.டி.டி. தொலைபேசி பூத்துகள் முளைத்தன. உரிமம் கொடுப்பதில் உடல் ஊனமுற்றோருக்கு முன்னுரிமை இருந்தது. மூன்று சக்கர சைக்கிளைக் கையால் சுற்றி வந்து, அதைக் கடையோரம் நிறுத்திவிட்டு, கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே மேசை போட்டு உட்கார்ந்தவரிடம் ஊரே வந்தது. ராணுவத்தில் இருக்கிற மகனுக்கும் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன புருஷனுக்கும் நம்பர் போட்டுக் கொடுத்தது அவர்தான். ராத்திரி கட்டணம் குறைகிற நேரத்துக்காகத் திண்ணையில் காத்திருந்தவர்களுக்குப் பேச்சுத் துணையும் அவரே. எந்த வீட்டில் யாருக்குப் பெண் பார்க்கிறார்கள், எந்த வீட்டில் பணம் வரவில்லை என்பதெல்லாம் தெரியும், வெளியே விடமாட்டார். கைப்பேசி வந்தது. பலகைகள் ஒவ்வொன்றாக இறங்கின. அந்த மேசைகளுக்கு மாற்றாக அதே அளவில் எதுவும் வரவில்லை.

போலியோ போய்விட்டது. 1995இல் தேசிய அளவில் சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கின. 2011 ஜனவரி 13இல் ஹவுராவில் ஒரு குழந்தைக்கு வந்ததுதான் நாட்டின் கடைசி இயற்கைப் போலியோ பாதிப்பு. 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. இந்த நெடும்போரில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) டாக்டர் ஜேக்கப் ஜானுக்குப் பெரிய பங்கு உண்டு. தொடையை அழுத்தி நடந்த தலைமுறைக்கு இனி வாரிசு கிடையாது. இதைவிட நல்ல சேதி எது? அந்தத் தலைமுறை மட்டும் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, வயதும் ஆகிறது.

கண்ணமங்கலத்தில் வேலூர் பஸ் ஏறினால் கணியம்பாடி, அடுக்கம்பாறை தாண்டிப் பாகாயம் வரும். அங்கே டாக்டர் மேரி வர்கீஸ் பெயரில் மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. கொச்சியில் பிறந்து, சி.எம்.சி.யில் படித்து மருத்துவரான மேரி 1954இல் ஒரு வாகன விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்திக்கொண்டிருந்த டாக்டர் பால் பிராண்டு, உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய வேலை இது என்று அவரை இழுத்துப் போட்டார். சக்கர நாற்காலியிலிருந்தே மேரி அறுவை செய்யத் தொடங்கினார். நோயாளிகள் அதைப் பார்த்தார்கள். டாக்டருக்கே கால் வராது என்பது ஒரு மாத்திரையைவிட வேலை செய்தது. பிறகு ஆஸ்திரேலியாவில் மறுவாழ்வுப் பயிற்சி பெற்று, நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் கற்று வந்தார். 1966இல் பாகாயத்தில் நிலையம் திறந்தது. 1972இல் பத்மஸ்ரீ. 1986இல் காலமானார்.

அங்கே வருகிறவர்களில் மரத்திலிருந்தோ கிணற்றிலோ விழுந்து முதுகெலும்பு முறிந்த கிராமத்து ஆண்கள் நிறையப் பேர். நேற்று வரை புளியமரம் ஏறி உலுக்கியவர், இன்று தன் காலைத் தானே தூக்கி வைக்க வேண்டும். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, புண் வராமல் உடம்பைப் புரட்டுவது, சிறுநீர்க் குழாயைத் தானே போட்டுக்கொள்வது என்று எல்லாம் புதுப் பாடம். கூடவே தங்குகிற மனைவியோ அண்ணனோ அதே பாடத்தைப் படிக்கிறார்கள். ஊருக்குத் திரும்பிய பழைய நோயாளிகள் ஒன்றுகூடி விளையாட்டும் பாட்டுமாகக் கழிக்கிற மேளாவும் அங்கே நடக்கிறது. சக்கர நாற்காலிப் பந்தயத்தில் முட்டிக்கொண்டு கத்துகிறவர்களைப் பார்க்கிறவர்கள், ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தோமா என்று கேட்பார்கள்.

தென்காசிப் பக்கம் ஆய்க்குடியிலும் இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. 1975இல் பொறியியல் மாணவரான எஸ். ராமகிருஷ்ணன் கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் போன இடத்தில் விழுந்து, கழுத்துக்குக் கீழே அசைவிழந்தார். 1981இல், ஐ.நா. அறிவித்த ஊனமுற்றோர் ஆண்டில், சொந்த ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்கு வைத்தியம் பார்த்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். 2020இல் அவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் 2.68 கோடிப் பேர் ஊனத்தோடு வாழ்கிறார்கள். அவர்களில் 1.86 கோடிப் பேர் கிராமத்தில். பாகாயமும் ஆய்க்குடியும் எல்லோருக்கும் பக்கத்து ஊராக முடியாது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஊன வகைகளை ஏழிலிருந்து 21 ஆக்கியது, அரசு வேலையில் 3 சதவீதத்தை 4 ஆக்கியது. சொல்லையும் மாற்றியிருக்கிறோம், கருணாநிதி முதல்வராக இருந்தபோது ‘மாற்றுத்திறனாளி’ அரசு வழக்குக்கு வந்தது. நல்ல சொல்தான். பஸ்ஸின் முதல் படி மட்டும் பெரும்பாலும் பழைய உயரத்திலேயே இருக்கிறது.

2021 முதல் தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணம் இல்லை. துணைக்கு வருகிற ஒருவருக்கும் இல்லை. அரசாணை எழுதிய யாரோ ஒருவருக்கு, ஆள் தனியாகப் பயணம் செய்வதில்லை என்று தெரிந்திருக்கிறது.

கண்ணமங்கலத்தில் ரயில் ஏறினால் அதே தடத்தின் கோடியில் விழுப்புரம். பக்கத்தில் திருவாமாத்தூர். அங்கே கலம்பகம் அரங்கேறியபோது, கோயில் பம்பை ஆற்றின் எந்தக் கரையில் இருக்கிறது என்பதை இரட்டையர் மாற்றிப் பாடிவிட்டார்களாம். கூடியிருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பார்த்து வழி சொல்கிறவரே கரையைக் கோட்டைவிட்டால் என்ன செய்வது? அன்று இரவு வெள்ளம் வந்து ஆறே தடம் மாறி, பாட்டு சரியாகிவிட்டது என்று ஊர் கதையை முடிக்கிறது. திருத்தியது புலவர்களை அல்ல, ஆற்றை. தங்களுக்குப் பிடித்தவர்கள் பக்கம் ஊர் எப்படிச் சாயும் என்பதற்கு இந்தக் கதை போதும்.

அந்த இருவரும் இன்றைக்குக் கண்ணமங்கலம் பஸ் ஸ்டாண்டில் நகரப் பேருந்தில் ஏறியிருந்தால் கண்டக்டர் திண்டாடித்தான் போயிருப்பார். இதில் யார் மாற்றுத்திறனாளி, யார் துணைக்கு வந்தவர் என்று கேட்டிருப்பார். பதிலின் முன்பாதியை மேலே இருந்தவர் எடுத்திருப்பார். பஸ் கணியம்பாடி தாண்டுவதற்குள் கீழே இருந்தவர் முடித்திருப்பார்.